உடல் ஒன்று, உயிர் மூன்று

மோட்டார் வண்டிக்கும் வரலாறு உண்டா என்று வினவுவோர் உளர். அரசர்க்கு வரலாறு உண்டு, ஆலயத்திற்கு உண்டு, ஊருக்கும் ஆற்றுக்கும் உண்டு. இரும்பும் ரப்பரும் எண்ணெயும் கூடிய ஒரு பொறிக்கு வரலாறு ஏது என்பது அவர்தம் எண்ணம். அவர்களுக்கு விடையாக, எங்கள் வீட்டு முகப்பில் நிற்கும் ஒரு வண்டியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதன் பெயர் அம்பாசடர். என் தந்தையார் அதனை 1965-ஆம் ஆண்டில் வாங்கினார். அன்று முதல் இன்று வரை அதன் உடல் மாறவில்லை. உள்ளிருந்து அதனை இயக்கும் இயந்திரமோ இருமுறை மாறிவிட்டது. முதலில் பெட்ரோல் இயந்திரம். 1984-இல் டீசல் இயந்திரம். 2003-இல் ஜப்பானிய வடிவமைப்பில் அமைந்த புதிய டீசல் இயந்திரமும், அதனுடன் ஐந்து படிகள் கொண்ட கியர் பெட்டியும். உடல் ஒன்று, உயிர் மூன்று.

இதனைப் பேசவேண்டிய காரணம் ஒன்று நேர்ந்தது. பழைய வண்டிகளைப் பதிவு செய்வதற்கென்று இந்திய அரசு 2021-இல் தனி விதிகளை வகுத்தது. முதற்பதிவு நடந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு அவ்விதிகள் ஒரு தனி மதிப்பை வழங்குகின்றன. நண்பர் ஒருவர் இச்செய்தியை மகிழ்ச்சியுடன் என்னிடம் கொண்டுவந்தார். விதியை முழுதும் படித்தபோதுதான் அதிலிருந்த நிபந்தனை புலப்பட்டது. வண்டி தன் அசல் உருவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ இயந்திரத்திலோ பெருமாற்றம் நிகழ்ந்திருத்தல் ஆகாது. எங்கள் வண்டி அந்த வாயிலில் நுழைய இயலாது. "அதனால் என்ன? எங்கேனும் ஒரு பழைய பெட்ரோல் இயந்திரத்தை வாங்கி மாட்டிவிடுங்கள். வண்டி மறுபடியும் பழைய வண்டி ஆகிவிடும்," என்றார் நண்பர். அவர் சொன்னது எளிதாகத்தான் இருந்தது. ஆயினும், அப்படிச் செய்தால் அது பழைய வண்டி ஆகுமா என்ற வினா என்னை விடவில்லை. விடை தேடுவதற்கு, இயந்திரம் மாற்றும் இத்தொழிலின் வரலாற்றையே சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று.

பெட்ரோல் இயந்திரத்துக்கும் டீசல் இயந்திரத்துக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. பெட்ரோல் இயந்திரத்தில் காற்றும் எரிபொருளும் முன்னரே கலந்து உருளைக்குள் புகுகின்றன. ஒரு மின்பொறி அவற்றைக் கொளுத்துகிறது. டீசல் இயந்திரத்தில் மின்பொறிக்கு வேலையில்லை. காற்று மட்டுமே உள்ளே இழுக்கப்படுகிறது. அக்காற்று தன் பருமனில் ஒரு சிறு பங்காக நெருக்கப்படுகிறது. அவ்வாறு நெருக்கும்போது அது தானே கடுஞ்சூடு அடைகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. இந்த உண்மையை இயந்திரமாக உருவாக்கியவர் ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இயந்திரம் வெற்றியுடன் ஓடியது. அன்றைய நீராவி இயந்திரங்கள் எதுவும் எட்டாத சிக்கனம் அதற்கு இருந்தது. ஆனால் அஃது ஆளினும் உயர்ந்த பெரும் பொறி. ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. கப்பலுக்கும் ஆலைக்கும் அது பயன்பட்டது. காருக்குள் புகும் அளவுக்கு அது சிறுக்கவில்லை.

அதனைச் சிறுக்கச் செய்தது எண்ணெயைத் தூவும் கருவி. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு துளியினும் சிறிய அளவை, மிகுந்த அழுத்தத்தோடு, தவறாத நொடியில் செலுத்தவல்ல பம்பு வேண்டும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அத்தகைய பம்பை 1927 முதல் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியது. அதன்பின் லாரிகளில் டீசல் பரவியது.

கார்களில் டீசல் நுழைந்த விதம்தான் நாம் கருதத்தக்கது. அமெரிக்காவில் டீசல் இயந்திரத் தொழிலில் ஈடுபட்டிருந்த கிளெசி கம்மின்ஸ் என்பவர், 1929-இன் இறுதியில், பழைய பேக்கார்டு கார் ஒன்றின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் படகுக்கென்று தாம் செய்திருந்த டீசல் இயந்திரத்தை அதனுள் இறக்கினார். 1930 சனவரியில் இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து நியூயார்க் வரை 792 மைல் ஓட்டிச் சென்றார். அப்பயணத்தின் எரிபொருட் செலவு 1 டாலர் 38 சென்ட் மட்டுமே. இங்கிலாந்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. கார்ட்னர் நிறுவனத்தின் டீசல் இயந்திரத்தைப் பொருத்திய பழைய பென்ட்லி கார் ஒன்று, 1933-ஆம் ஆண்டின் மாண்டி கார்லோ நெடும்பயணப் போட்டியில் கலந்துகொண்டு ஐந்தாம் இடத்தைப் பெற்றது. இவற்றுக்கெல்லாம் பின்னர்தான், 1936-இல், மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 260 டி என்னும் டீசல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே, டீசல் இயந்திரம் முதன்முதலாகக் காரில் குடியேறியது, வேறோர் இயந்திரம் வாழ்ந்த வீட்டில்தான். இயந்திரம் மாற்றுதல் ஏழைப் பட்டறைகளின் பிற்காலக் குறும்பு அன்று. அந்தக் குலத்தின் தொடக்கமே அதுதான்.

இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1932-இல் ஃபிராங்க் பெர்கின்ஸும் சார்லஸ் சாப்மனும் தொடங்கிய பெர்கின்ஸ் நிறுவனம் இதனையே பெருந்தொழிலாக வளர்த்தது. பெட்ரோல் லாரி வைத்திருப்பவர் லாரியை விற்க வேண்டுவதில்லை. அதன் இயந்திரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்நிறுவனம் கண்ட வாணிப வழிகளுள் ஒன்று. அந்த வழி சென்னையையும் வந்தடைந்தது. மவுண்ட் ரோட்டின் சிம்சன் நிறுவனம் 1840-இல் தோன்றியது. குதிரை வண்டிகளைக் கட்டி வளர்ந்த அந்நிறுவனத்தில்தான், 1903-இல், சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். அதே சிம்சன், 1950-களில், பெர்கின்ஸ் டீசல் இயந்திரங்களைச் சென்னையிலே உருவாக்கலாயிற்று. நான் சிறுவனாயிருந்த காலத்தில், பெரிய மூக்குடைய அமெரிக்கப் பிளைமவுத், டாட்ஜ் கார்கள் வாடகை வண்டிகளாக ஓடியதைக் கண்டிருக்கிறேன். உருவத்தால் அவை செல்வர் வீட்டு ஊர்திகள், ஒலியால் லாரிகள். அவற்றின் பெருந்தீனிப் பெட்ரோல் இயந்திரங்களை அகற்றிவிட்டு, உரிமையாளர்கள் டீசல் இயந்திரங்களை மாட்டியிருந்தனர். அந்த முரண்பாட்டைக் கண்டு நாங்கள் சிரித்ததுண்டு. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்ததைக் கண்டு சிரித்தோமே என்று பின்னாளில் வருந்தியதும் உண்டு.

இனி, எங்கள் அம்பாசடருக்கு வருவோம். அதன் பிறப்பிலேயே மாற்றத்தின் குறி இருந்தது. இங்கிலாந்தில் 1956-இல் வெளிவந்த மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே அதன் மூலம். கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அவ்வுருவத்தை உரிமை பெற்று வாங்கி, 1950-களின் இறுதியில் அம்பாசடர் என்னும் பெயரில் செய்யத் தொடங்கியது. ஆங்கிலேயர் 1959-இல் அவ்வுருவத்தைக் கைவிட்டனர். நாமோ 2014 மே மாதம் வரை அதனைச் செய்துகொண்டிருந்தோம். தொடக்கத்தில் பக்க வால்வுகள் கொண்ட 1476 கன செண்டிமீட்டர் இயந்திரம் அதனுள் இருந்தது. 1959-இல் அதனை நீக்கிவிட்டு, மேல்வால்வு கொண்ட 1489 கன செண்டிமீட்டர் இயந்திரத்தை வைத்தனர். தொழிற்சாலையே செய்த முதல் இயந்திர மாற்றம் இது. என் தந்தையார் பணங்கட்டிக் காத்திருந்து பெற்ற வண்டி, இந்த இரண்டாம் இயந்திரத்தைக் கொண்டது.

அந்நாளைய அமைப்பு ஒன்றை இளைஞர்க்குச் சொல்ல வேண்டும். கியர் மாற்றும் கோல் அன்று தரையில் இல்லை. கைச்சக்கரத்தின் தண்டோடு ஒட்டியிருந்தது. முன்னிருக்கை பெஞ்சுபோல் நீண்டு, இடையில் தடையின்றி இருந்தது. எட்டு வயதுச் சிறுவனாகிய நான் தந்தைக்கும் தாய்க்கும் நடுவில் அமர்ந்து திருச்சியிலிருந்து கொடைக்கானல் சென்றிருக்கிறேன். உலகத்தில் அதனினும் உயர்ந்த இருக்கை ஒன்று உண்டென்று அன்று நான் நம்பவில்லை.

1973-இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. நம் நாட்டில் பெட்ரோலும் டீசலும் அரசு குறித்த விலைக்கே விற்கப்பட்டன. டீசல் உழவரின் பம்புக்கும் டிராக்டருக்கும் உரியது. பேருந்துக்கும் லாரிக்கும் உரியது. ஆகவே அதன் விலை தாழ்த்தி வைக்கப்பட்டது. பெட்ரோல் கார் வைத்திருக்கும் செல்வருக்கு உரியது. ஆகவே அதன்மீது வரி மிகுந்தது. எளியவர்க்கு உதவ வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தோடு அமைந்த ஏற்பாடு அது. ஆனால் விலையில் ஒரு பள்ளம் தோண்டினால் தண்ணீர் அங்கேதான் பாயும். கார் வைத்திருந்தவர்கள் அனைவரும் செல்வர்கள் அல்லர். வாடகை வண்டிக்காரர், ஊரூராய்ச் செல்லும் வணிகர், நோயாளிகளைத் தேடிச் செல்லும் மருத்துவர் ஆகியோர் கணக்குப் பார்த்தனர். கணக்கு அவர்களைப் பட்டறைக்கு அனுப்பிற்று. 1980-ஐ ஒட்டி, தொழிற்சாலையே டீசல் அம்பாசடரை விற்கத் தொடங்கியது.

என் தந்தையாருக்கு நெல் வாணிபம். வாரத்தில் நான்கு நாள் அவர் சிற்றூர்களுக்குச் செல்வார். 1984-இல் பெட்ரோல் இயந்திரம் புகை கக்கத் தொடங்கியபோது, அதனைப் பிரித்துப் புதுப்பிப்பதா, டீசலுக்கு மாறுவதா என்று ஒரு மாதம் எண்ணினார். இறுதியில் மாறினார். அம்மாற்றம் அவ்வளவு கடினமானதன்று. அந்த டீசல் இயந்திரமும் பழைய பெட்ரோல் இயந்திரமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வகுத்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கொள்ளளவுகூட இரண்டுக்கும் அதே 1489 கன செண்டிமீட்டர்தான். தாங்கு கட்டைகளும் கியர் பெட்டியும் பெரும்பாலும் பொருந்திப்போயின. தொட்டிக்கு எண்ணெய் திரும்பிச் செல்ல ஒரு குழாய் கூடுதலாக வேண்டியிருந்தது. ஊசித் துளைகள் தூவியது போக மிஞ்சும் எண்ணெய் மீள வேண்டுமல்லவா? இறுகிய காற்றை எதிர்த்து இயந்திரத்தைச் சுழற்றப் பெரிய மின்கலம் வேண்டியிருந்தது. காலையில் உருளைகளைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகள் வந்தன. சாவியைத் திருப்பினால் இயந்திரம் நிற்காது என்பதும் எங்களுக்குப் புதுமை. மின்பொறி இல்லாத இயந்திரத்தை மின்சாரத்தை நிறுத்தி எவ்வாறு நிறுத்துவது? எண்ணெய் வரவை அடைக்கும் குமிழ் ஒன்று பலகையில் வந்தது. அதனை இழுத்தால்தான் ஓசை அடங்கும்.

அதன் வலிமை 40 குதிரைத்திறனைக்கூட எட்டவில்லை. அதனோடு கொல்லிமலை ஏறிய நாள்களில் பாதசாரிகள் எங்களோடு பேசிக்கொண்டே வந்தனர் என்று சொன்னால் அது சற்றே மிகை. என் தாயார் அதன் இரைச்சலை ஒருநாளும் மன்னிக்கவில்லை. ஆனால் செலவு இறங்கியது. அந்த ஆண்டுகளில் நெல் வாணிபம் நொடித்தபோது, வண்டியை விற்றுவிடலாம் என்று உறவினர் கூறினர். "இது தின்பதைவிடச் சம்பாதிப்பது அதிகம், இருக்கட்டும்," என்றார் தந்தையார். டீசலுக்கு மாறியிராவிடில், அவர் அவ்வாறு சொல்லியிருக்க முடியாது. வண்டி அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். கழற்றிய பெட்ரோல் இயந்திரமோ உண்மையாகவே அங்குதான் போயிற்று. எடைக்கு எடை விற்றோம். அதன் மதிப்பை உணரும் அறிவு அன்று எங்களுள் ஒருவருக்கும் இல்லை.

இரண்டாம் மாற்றத்தைச் செய்தவன் நான். தந்தையார் 1996-இல் காலமானார். வண்டி சில ஆண்டுகள் சும்மா நின்றது. இதற்கிடையில் தொழிற்சாலையும் மாறியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது ஜப்பானின் இசுசு நிறுவன வடிவமைப்பில் 1800 கன செண்டிமீட்டர் அளவுடைய பெட்ரோல் இயந்திரத்தையும், தரையில் கோலுடைய ஐந்து படிக் கியர் பெட்டியையும் அம்பாசடருக்குள் வைத்தது. பின்னர் அதே இசுசு வழியில் ஏறத்தாழ 2000 கன செண்டிமீட்டர் டீசல் இயந்திரமும் வந்தது. 1950-களின் உடலுக்குள் அதற்குப் பின்வந்த தலைமுறையின் நெஞ்சு. தெருமுனைப் பட்டறைகள் எண்ணெய்க் கரையோடு செய்துவந்ததை, தொழிற்சாலை இப்போது வெள்ளைத் தாளில் வரைபடம் போட்டுச் செய்தது, அவ்வளவே வேறுபாடு. விபத்தில் உடல் நொறுங்கிய புதிய அம்பாசடர் ஒன்றின் இயந்திரமும் கியர் பெட்டியும் விலைக்கு வந்தன. 2003-இல் அவற்றை வாங்கினேன்.

இங்கே கியர் பெட்டியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். இயந்திரத்தை மட்டும் மாற்றுவோர் தவறுமிடம் இதுதான். டீசல் இயந்திரம் மெல்லச் சுழலும்போதே வலிமையாக இழுக்கும். பெட்ரோல் இயந்திரம்போல் வேகமாகச் சுழல அது விரும்பாது. பழைய அம்பாசடரின் பின் அச்சுப் பல்லமைப்போ, விரைந்து சுழலும் சிறு பெட்ரோல் இயந்திரத்துக்கென்று வகுத்தது. இயந்திரத் தண்டு ஏறத்தாழ ஐந்து முறை சுழன்றால்தான் பின்சக்கரம் ஒருமுறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நான்காம் கியரில், இயந்திரம் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, வண்டி மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர் செல்லும். அதற்குமேல் விரட்டினால் டீசல் இயந்திரம் அலறும், ஆயுள் குறையும். ஐந்தாம் கியர் என்பது, இயந்திரம் சுழல்வதைவிடத் தண்டு விரைவாகச் சுழலுமாறு அமைந்த படி. அதே வேகத்தில் இயந்திரம் ஆறில் ஒரு பங்கு குறைவாகச் சுழன்றால் போதும் என்று வைத்துக்கொண்டால், அதே 3000 சுழற்சியில் வண்டி 90 கிலோமீட்டரைத் தொடும். இயந்திரம் இழுக்கிறது, கியர் பெட்டி அதனை மூச்சுவிடச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தே ஓர் உயிர்.

பட்டறை மெக்கானிக் தம் தொழிலை நன்கு அறிந்தவர். தாங்கு கட்டைகளைப் புதிதாக வெட்டி ஒட்டினார். புதிய கியர் பெட்டி நீளமானது. ஆகவே பின்னோக்கிச் செல்லும் தண்டைக் குறுக்கிச் சமன் செய்தார். இயந்திரத்தின் எடை கூடியதால் வண்டியின் மூக்குத் தாழ்ந்தது. அம்பாசடரின் முன்புறத்தைத் தாங்குபவை முறுக்குக் கம்பிகள் ஆதலால், அவற்றை ஒரு பல் திருப்பி மூக்கை நிமிர்த்தினார். பழைய மின்னாக்கியும் மின்கம்பிகளும் மாறின. தரையில் ஓர் ஓட்டையிட்டு, கியர்க் கோலை மேலே கொண்டுவந்தார். வேலையெல்லாம் முடிந்ததும், "ஐயா, இனி இந்த வண்டிக்கு வயசு இல்லைங்க," என்றார். நானும் அப்படியே நம்பினேன்.

பத்து நாள் கழித்து விராலிமலைச் சாலையில் அந்த நம்பிக்கை உடைந்தது. சாலையின் குறுக்கே ஆட்டு மந்தை ஒன்று இறங்கியது. பிரேக்கை மிதித்தேன். முன்பு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எப்போதோ ஒருமுறை சென்ற வண்டி, அன்று 85-இல் சென்றுகொண்டிருந்தது, எடையும் மிகுந்திருந்தது. பிரேக்குகளோ 1965-ஆம் ஆண்டின் டிரம் பிரேக்குகள். காலின் வலிமையைத் தவிர வேறு துணை அற்றவை. வண்டி நின்றது, ஆனால் மந்தையைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கி நின்றது. இடையன் மகன் ஒருவன் அதன் வழியிலிருந்து துள்ளி விலகியதை இன்றும் என் கண் காண்கிறது. அன்று நேர்ந்திருக்கக்கூடியதை நினைத்தால் இப்போதும் உடல் சிலிர்க்கிறது. பட்டறைக்காரரிடம் நான் கேட்டேன். அவரும் நினைவூட்டவில்லை, நானும் எண்ணவில்லை என்பதே உண்மை. அதன்பின் புதிய அம்பாசடரின் முன்சக்கரத் தட்டு பிரேக்குகளையும், வெற்றிட உதவிக் கலத்தையும் பொருத்தினோம். டீசல் இயந்திரம் காற்றைத் தடையின்றி இழுப்பது. ஆதலின் பெட்ரோல் இயந்திரத்தின் உறிஞ்சு குழாயில் தானே கிடைக்கும் வெற்றிடம் அதில் கிடைப்பதில்லை. அதற்கெனத் தனிப் பம்பு வேண்டும். ஒரு பழைய அமைப்பில் ஒன்றை மாற்றியவன், அதனோடு பிணைந்த மற்றவற்றையும் மாற்றும் கடனை ஏற்கிறான். விராலிமலைச் சாலை எனக்குக் கற்பித்த பாடம் இது.

வலிமையைக் கொடுத்த அம்மாற்றம் வேறொன்றைப் பறித்துக்கொண்டது. தரையில் முளைத்த கியர்க் கோல், முன்னிருக்கையின் நடுவிடத்தை அடைத்துவிட்டது. தாய்க்கும் தந்தைக்கும் இடையில் நான் அமர்ந்த இடத்தில் என் பேரன் அமர முடியாது. இழப்புக் கணக்கில் அதனையும் எழுதத்தான் வேண்டும்.

எழுத வேண்டிய வேறு இழப்புகளும் உள. டீசல் புகை புற்றுநோய் விளைப்பது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் அறிவித்தது. தில்லிப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாதென்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. டீசலின் விலைக்கட்டுப்பாடும் 2014 அக்டோபரில் நீங்கியது. எந்தக் கணக்கு என் தந்தையைப் பட்டறைக்கு அனுப்பியதோ, அந்தக் கணக்கின் அடிப்படை அவர் மறைந்த பதினெட்டாம் ஆண்டில் மறைந்தது. 1984-இல் நாங்கள் செய்தது அன்றைய அறிவுக்குச் சரி. இன்று ஒருவர் அதனையே புதிதாகச் செய்ய முனைந்தால், நான் அவருக்கு ஊக்கம் அளிக்கமாட்டேன். வரலாறு செயலை விளக்கும். அதனாலேயே செயலுக்கு உரிமம் வழங்கிவிடாது.

சட்டமும் இறுகியுள்ளது. மோட்டார் வண்டிகளைப் பற்றிய 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும் வண்ணம் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; இயந்திரத்தை மாற்றுவதற்கு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். 2019-இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவின் கடுமையை வலியுறுத்தியது. எங்கள் வண்டியின் இரு மாற்றங்களும் பதிவு அலுவலகத்தில் முறைப்படி பொறிக்கப்பெற்றவை. அந்தப் பதிவுப் புத்தகத்தை அண்மையில் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். முதற் பக்கத்தில் 1965-ஆம் ஆண்டின் இயந்திர எண். அதனைச் சிவப்பு மையால் அடித்து, 1984-ஆம் ஆண்டின் எண். எரிபொருள் என்னுமிடத்தில் பெட்ரோல் என்பது போய் டீசல். அதன்கீழ் 2003-ஆம் ஆண்டின் எண். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும். அடிச்சட்டத்தின் எண் மட்டும் மூன்று இடத்திலும் ஒன்றே.

அந்தப் பக்கத்தைக் கண்டதும் என் மனம் திருக்கோடிகாவலுக்குச் சென்றது. பத்தாம் நூற்றாண்டில், கண்டராதித்த சோழரின் தேவியாகிய செம்பியன் மாதேவியார் சோழநாட்டின் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். பழைய செங்கற் சுவரை இடிக்காமல் கற்சுவர் எழாது. ஆனால் திருக்கோடிகாவலில் அந்த அம்மையார் ஒன்று செய்தார். பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து, புதிய கற்சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அவை பழையவற்றின் படிகள் என்பதையும் குறித்துவைத்தார். முன்னோர் தந்த கொடை, முன்னோர் பெயர், முன்னோர் ஆட்சியாண்டு ஆகிய எல்லாம் இவ்வாறு நமக்குக் கிடைத்தன. அந்தக் கோயில் செங்கல்லால் ஆனதன்று, ஆதலால் பழையதன்று என்று யாரேனும் கூறுவரோ? கல் புதியது; கோயில் பழையது. இரண்டையும் இணைப்பது, மறைக்காமல் எழுதிவைத்த அந்தப் படி.

ஒரு வண்டியைக் கோயிலோடு ஒப்பிடுதல் தகாது என்று சிலர் கருதலாம். நான் ஒப்பிடுவது புனிதத்தை அன்று; நேர்மையை. அரசின் விதியை நான் குறைகூறவில்லை. மாறாத பழைய வண்டிகளைக் காப்பதற்கு அத்தகைய கோடு ஒன்று வேண்டியதே. தொழிற்சாலையிலிருந்து வந்த வண்ணமே ஒரு வண்டி இருப்பின், பின்வரும் தலைமுறை அதனைக் கண்டு அன்றைய தொழில்நுட்பத்தைக் கற்கும். அத்தகைய வண்டியின் இயந்திரத்தை இன்று எவரேனும் கழற்ற முனைந்தால், வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்பேன். ஆனால் எங்கள் வண்டி அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது வேறொரு வரலாற்றின் சான்று. விலை ஏறியபோது ஒரு குடும்பம் என்ன செய்தது, ஒரு நாடு தன் பழைய பொருளை எவ்வாறு ஓடச் செய்தது, பட்டறைக் கைகள் எதைக் கற்றன என்பதன் சான்று.

நண்பர் சொன்னபடி, எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் இயந்திரத்தைக் கொணர்ந்து மாட்டினால் என்ன ஆகும்? அது எங்கள் வண்டியின் இயந்திரம் ஆகாது. அதன் எண் எங்கள் முதற் பக்கத்து எண்ணாக இராது. எங்கள் இயந்திரம் 1984-லேயே உருகி, எந்த வீட்டுச் சன்னல் கம்பியாகவோ போய்விட்டது. அந்நியமான ஓர் இயந்திரத்தை வைத்துவிட்டு, அசல் என்று கூறுவது, இல்லாத கல்வெட்டைப் புதிதாகப் பொறித்துப் பழையது என்று காட்டுவதற்கு ஒப்பாகும். இயந்திரம் மாறியது குற்றமன்று. மாறவே இல்லை என்று சொல்வதுதான் குற்றம்.

ஆகவே, அந்தத் தனிப்பதிவை நான் நாடவில்லை. அதற்கு மாறாக, ஒரு தாளில் சில செய்திகளை எழுதினேன். எந்த ஆண்டில் எந்த இயந்திரம், அதன் எண் யாது, யார் மாற்றச் சொன்னார், ஏன் சொன்னார், எதனைச் சேர்த்தோம், எதனை இழந்தோம் என்று வரிசைப்படுத்தினேன். விராலிமலைச் சாலையையும் விடவில்லை. முன்னிருக்கையின் நடுவிடத்தையும் விடவில்லை. பதிவுப் புத்தகத்தோடு அத்தாளையும் உறையிலிட்டு, வண்டியின் முன்பலகை அறையில் வைத்திருக்கிறேன். எனக்குப்பின் என் பேரன் இந்த இயந்திரத்தையும் நீக்கி, புகையில்லாத மின்மோட்டாரை வைக்கக்கூடும். சட்டம் இசைந்தால் வைக்கட்டும். வைத்தபின் அந்தத் தாளில் இன்னும் ஒரு வரியை அவன் சேர்த்தால் போதும்.